பூச்சியம், பூச்சியம்

சுவோன் நகரத்தில் காலை பத்து மணி அமர்வு.
சாவோ தோமேயில் நடுநிசி கழிந்து ஒரு மணி.
நில அளவைத் துறை மாடியில்
நானும் ஜெனரேட்டரும்தான் விழித்திருக்கிறோம்.
டீசல் கணக்கெழுதும் ஃபெர்மினோ
இரண்டு மணி நேரத்துக்கு மேல்
ஒரு சொட்டு ஊற்ற மாட்டேன் என்றுவிட்டான்.

பதிவுப் படிவத்தின் நாடுகள் பட்டியலில்
எங்கள் தீவு இல்லை.
அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன்,
படிவம் ஒன்றும் சொல்லவில்லை.

திரையில் இருபத்தைந்து முகங்கள்.
பெர்கனில் ஒருவருக்கு முதுகுக்குப் பின்னே
போலிக் கடற்கரை, போலித் தென்னை;
அவர் தலையாட்டும்போதெல்லாம்
அலை அவர் காதைத் தின்கிறது.
எனக்குப் பின்னால் இருப்பது நிஜக் கடல்.
இருட்டில் அதை யார் நம்புவார்கள்?
கேமராவை அணைத்துவிட்டேன்.

இன்று பேசுபவர் ரோட்டர்டாம்காரர், யூரியான்.
தலைப்பு: தரவுத் துப்புரவு.
உலகப்படத்தை உருட்டி உருட்டி
ஆப்பிரிக்காவின் கக்கத்தில் நிறுத்துகிறார்.
நீலத்தின் நடுவே ஒரு புள்ளி.
நெருங்கினால் ஒன்றல்ல,
ஒன்றன்மேல் ஒன்றாய் நாலாயிரம்:
லீமாவின் ஒரு மருத்துவமனை,
ஓஸ்லோவின் சைக்கிள் நிறுத்தங்கள்,
யாரோ எண்ணிய திமிங்கிலம்,
ஒரு பல் வைத்தியர்.
இடம் எழுதாமல் விட்டதையெல்லாம்
எந்திரம் பூச்சியம் என்று படிக்கிறது.
அகலாங்கு பூச்சியம், நெட்டாங்கு பூச்சியம்.
'வெற்றுத் தீவுக்கு நல்வரவு' என்கிறார்.
சிரிப்புப் பொம்மைகள் திரையில் குமிழியிட்டு மேலேறுகின்றன.
ஒரே வரிக் கட்டளை, எல்லாம் போய்விடும்.
தட்டிக் காட்டுகிறார்.
போய்விட்டன.

அது எங்கள் கடல், யூரியான்.
எங்கள் தெற்குக் குட்டித்தீவில்
நிலநடுக்கோட்டுக்குப் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறோம்;
அந்தக் கோட்டைப் பிடித்தபடி நேர் மேற்கே
நானூறு கடல்மைலுக்குக் கொஞ்சம் குறைவு.

என் அட்டவணையில் நூற்றுப் பன்னிரண்டு படகுகள்,
ஒவ்வொன்றிலும் ஒரு ஜி.பி.எஸ். பெட்டி.
அறுபத்தெட்டாவது வரிசை: எல்சீதியு வாஸ், நெவெஷ் ஊர்.
ஆகஸ்டில் மோட்டார் நின்றது.
பதினொரு நாள் அவன் பெட்டி அனுப்பியது
பூச்சியம், பூச்சியம்.
அவன் மனைவி சுல்மிரா மீன்வாடையோடு இங்கே வந்து
இதே திரையில் விரல் வைத்தாள்.
'இங்கே போக எத்தனை லிட்டர் பெட்ரோல்?'
அது இடமே இல்லையம்மா என்றேன்,
எந்திரம் தெரியாது என்பதை அப்படித்தான் சொல்லும்.
'தெரியாது என்று சொல்லக்கூட
அதற்கு ஓர் இடம் இருக்கிறதே' என்றாள்.

பன்னிரண்டாம் நாள்
சூரை மீன் பிடிக்கும் கப்பலொன்று
கயிறு கட்டி அவனை இழுத்துவந்தது,
கிழக்கிலிருந்து.
இப்போது சந்தையில் ரீசார்ஜ் அட்டை விற்கிறான்.
என்னைப் பார்த்தால் கேட்பான்:
'நான் இன்னும் அங்கேதான் இருக்கிறேனா?'
இருக்கிறாய். அழிக்கவில்லை.
பதினொரு நாள் ஒருத்தி
மேற்கே பார்த்து நின்றாளே,
அதை எந்த லேயரில் வைப்பது?

இதைத்தான் கேட்க நினைத்தேன்.
கை உயர்த்தும் பொத்தானை அழுத்தினேன்.
மூன்று கேள்விகள் கழிந்து என் முறை.
'அத... அதால்... ஜிசா?
உங்கள் மைக் அணைந்திருக்கிறது.'
போட்டேன்.
முதலில் கேட்டது பக்கத்து வளவுச் சேவல்;
அதற்கு நேரமும் தெரியாது, நாடும் தெரியாது.
கொரியாவில் யாரோ சிரித்தார்கள்.
'வணக்கம்' என்றேன்.

ஜெனரேட்டர் இருமி அடங்கியது.
ஃபெர்மினோ கணக்கில் கெட்டி.

திரை அணைந்தபின்
அறைக்குள் மெல்ல வந்தது கடல்,
சத்தமாக மட்டும்.
கேள்வியின் மிச்சத்தை
சேவலுக்குச் சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.

காலையில் மின்னஞ்சல்:
கலந்துகொண்டோர் அனைவருக்கும் நன்றி,
இணைப்பில் பங்கேற்பாளர் வரைபடம்.
சுவோனைச் சுற்றி எறும்புக்கூட்டம்,
ஐரோப்பாவில் அம்மை போட்டதுபோல.
என்னைத் தேடினேன்.
தீவில் இல்லை.
மேற்கே போனேன், கோட்டைப் பிடித்தபடி,
நீலம், நீலம்,
அங்கே இருந்தேன்.
எனக்குக் கீழே இன்னும் இரண்டு பேர்;
பெயர்களைப் படிக்க முடியவில்லை,
நான் மறைத்துக்கொண்டிருந்தேன்.

அடிக்குறிப்பில் சிறிய எழுத்தில்:
பிழை நீக்கிய பதிப்பு நாளை வெளிவரும்.